ஆஸ்டெக் மக்காச்சோள சாமி ஒண்ணா, மூணா, நாலா? தெரிஞ்சவங்க விளக்குங்க

மலைக்காட்டான் கேட்டது:

வணக்கம் மக்களே. கொஞ்ச நாளா மெக்சிகோ பக்கத்து பழைய புராணங்களைப் படிச்சிட்டு வர்றேன். மழை, சூரியன், யுத்தம்னு மத்த சாமிகளெல்லாம் ஓரளவு பிடிபட்டுருச்சு, ஆனா ஆஸ்டெக்காரங்களோட மக்காச்சோள தெய்வம்னு வந்தா மட்டும் ஒண்ணுமே பிடிபட மாட்டேங்குது. ஒரு பக்கம் சென்தேயோட்ல்னு ஒரு இளவட்டம், தலை அலங்காரத்துல கதிரு, புருவத்துல ஆரம்பிச்சு கண்ணு வழியா தாடை வரைக்கும் இறங்குற ஒரு கறுப்புக் கோடு. இன்னொரு பக்கம் ஷிலோனென்னு ஒரு இளம்பொண்ணு. அப்புறம் சிக்கோமெகோவாட்ல்னு ஒரு அம்மன், உடம்பெல்லாம் செகப்பு, தலையில காகிதத்துல செஞ்ச பெரிய சதுரக் கிரீடம், கையில ரெட்டைக் கதிரு. இது போதாதுன்னு வெள்ளை சென்தேயோட்ல், செகப்பு சென்தேயோட்ல்னு கலர் கலரா வேற வருது.

ஒரு சைட்ல ஷிலோனென்தான் சிக்கோமெகோவாட்ல்னு போட்டுருக்கான், இன்னொருத்தன் அம்மா மகள்ங்கிறான், இன்னொருத்தன் சென்தேயோட்லோட பொண்டாட்டிங்கிறான். எது சரி? அப்புறம் மனுஷனை மக்காச்சோள மாவைப் பிசைஞ்சு செஞ்சாங்கன்னு ஒரு கதை வருமே, அதைச் செஞ்சது இவங்கள்ல யாரு? கடைசியா ஒண்ணு, இந்த சாமிகளுக்கு ஆள் பலி குடுத்தாங்கன்னு சொல்றது நெஜமா, இல்ல ஸ்பெயின்காரன் ஜெயிச்சதுக்கப்புறம் எழுதி வச்சதா? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா எழுதுங்க.

தாழைமடல் எழுதியது:

நண்பா, நீங்க படிச்ச மூணு சைட்டும் குழப்புறதுக்கு காரணம் அவங்க எல்லாரும் இந்த சாமிகளுக்கு ஒரு குடும்ப மரம் போடப் பாக்குறாங்க. யாரு யாருக்கு மகன், யாரு யாருக்கு சம்சாரம்னு. ஆஸ்டெக் பக்கம் அப்படிப் போனா சுத்திட்டே இருக்க வேண்டியதுதான். வேற வழியா போய்ப் பாருங்க, வயலுக்குப் போய் பயிர் இப்ப எந்தப் பருவத்துல நிக்குதுன்னு பாருங்க, அப்ப எல்லாம் தன்னால வரிசைக்கு வந்துரும்.

நம்ம இலக்கியத்துல ஒரே பொண்ணை பேதை, பெதும்பை, மங்கை, மடந்தைன்னு ஏழு பருவமா பிரிச்சுப் பாடுறோம் இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி இங்க ஒரே பயிரை பருவத்துக்கு ஒரு தெய்வமா பார்த்துருக்காங்க. ஷிலோனென் அப்பத்தான் பால் பிடிக்கிற பிஞ்சுக் கதிர், மேல பட்டு மாதிரி நாரு தொங்குமே அந்த நேரம். சிக்கோமெகோவாட்ல் முத்தின கதிர், அதுலயும் முக்கியமா அடுத்த வருஷத்துக்குன்னு எடுத்து வைக்கிற விதைக்கதிர், அதோட பொதுவா சாப்பாட்டுக்கே அவதான் தாய். சென்தேயோட்ல் காய்ஞ்ச கதிருக்கு உரிய தெய்வம், பெரும்பாலும் ஆணாத்தான் வரும். கலர் கலரா வர்றது எதுக்குன்னா அங்க மக்காச்சோளமே வெள்ளை, மஞ்சள், செகப்பு, கருநீலம்னு பல நிறத்துல வெளையுது, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சென்தேயோட்ல். ஆஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லான் கோயில் வளாகத்துல வெள்ளை சென்தேயோட்லுக்கும் செகப்பு சென்தேயோட்லுக்கும் தனித்தனி கோயில் இருந்ததா சஹாகுன் பட்டியல்லயே இருக்கு.

சஹாகுன் யாருன்னா 1529ல மெக்சிகோ வந்த ஸ்பானிய பாதிரியார், ஆஸ்டெக்காரங்க பேசின நஹுவாட்ல் மொழியைக் கத்துக்கிட்டு ஊர்ப் பெரியவங்ககிட்ட கேட்டுக் கேட்டு 12 பாகமா எழுத வச்சவர். அதை எழுதினதுல பெரும்பங்கு அந்த மண்ணுல பொறந்த படிச்ச பசங்களோடது, அந்தோனியோ வலேரியானோ மாதிரி ஆளுங்க. இதை ஏன் சொல்றேன்னா இந்த சாமிகளைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பாதிக்கு மேல அங்கிருந்துதான் வருது, அதுல அவர் சிக்கோமெகோவாட்லை ரோமாபுரி தானிய தேவதை செரஸ் மாதிரின்னு வேற எழுதி வச்சுட்டார், அப்பவே ஐரோப்பிய குடும்ப மரத்துக்குள்ள இவங்களைத் தள்ளுற வேலை ஆரம்பிச்சுருச்சு.

இப்ப வருஷத்தைப் பாருங்க. அவங்க ஆண்டு 20 நாள் வீதம் 18 மாசம், மிச்சம் 5 நாள். நாலாவது மாசம் ஹுவெய் டோசோஸ்ட்லி, நம்ம கணக்குக்கு ஏறக்குறைய ஏப்ரல் வாக்குல, மழைக்கு முன்னாடி. வீட்டுல சாமி முன்னாடி மக்காச்சோள மாவு, ரொட்டி, அவரையெல்லாம் கூடையில படைச்சு மேல வாட்டின தவளை ஒண்ணையும் வைப்பாங்க, தவளை மழையைக் கூட்டிட்டு வர்ற ஜீவன்னு. அப்புறம் கல்யாணம் ஆகாத பொண்ணுங்க ஆளுக்கு ஏழு விதைக்கதிரை துணியில சுத்தி குழந்தையைத் தூக்குற மாதிரி முதுகுல கட்டிக்கிட்டு சிக்கோமெகோவாட்ல் கோயிலுக்கு ஊர்வலமா போவாங்க. அவளோட பேர்லயே ஏழு இருக்கு, ஏழு பாம்புங்கிறது அவங்க நாள்காட்டியில ஒரு நாளோட பேரு. வழியில எந்த வாலிபனாவது வாயைத் திறந்து கிண்டல் பண்ணான்னா கூட வர்ற கிழவிங்க விடமாட்டாங்க, யுத்தத்துல ஒருத்தனைக்கூட பிடிச்சுட்டு வராதவன் பின்மண்டையில ஒரு குடுமியோட அலையணும் அங்க, அந்தக் குடுமியைச் சொல்லியே மானத்தை வாங்கிருவாங்க. கோயில்ல வச்சு எடுத்துட்டு வந்த கதிரை வீட்டுக் குதிர்ல அடியில வைப்பாங்க, அதுதான் குதிரோட இதயம்னு சொல்லிருக்காங்க. விதைக்கிற நாள் வர்றப்ப அந்தக் கதிரை உதிர்த்துத்தான் விதைப்பாங்க.

எட்டாவது மாசம் ஷிலோனெனுக்கு. அது பிஞ்சு வர்ற நேரம், அதே சமயம் பழைய இருப்பு தீர்ந்து போற நேரமும்கூட. அதனாலதான் அந்த மாசம் அரசன் செலவுல ஏழை பாழைங்களுக்கு பல நாள் சாப்பாடு போட்டுருக்காங்க, சியா விதை கலந்த மாவுக் கஞ்சி, தமாலேங்கிற மக்காச்சோளக் கொழுக்கட்டை எல்லாம். ஷிலோனென் விழா முடியுற வரைக்கும் புதுக் கதிரை யாரும் வாயில வைக்கக்கூடாது. பதினோராவது மாசம் ஓச்பானிஸ்ட்லி, ஊரையே கூட்டிப் பெருக்குற திருவிழா, அதுலதான் சென்தேயோட்ல் வர்றான், அதுக்கு ஒரு தனி பதிவே எழுதலாம்.

அதனால உங்க கேள்விக்கு என் பதில், இவங்க ஒரே ஆளா தனித்தனி ஆளான்னு கேக்குற அளவுக்கு அந்த ஊர் ஆளுங்களுக்கு அது ஒரு பிரச்சினையா இருந்ததாத் தெரியல. பயிர் எந்த நிலையில நிக்குதோ, எந்தத் திருவிழா நடக்குதோ, என்ன உடுப்பு எந்த நிற சாயம் போட்டுருக்கோ, அந்த நேரத்துக்கு அது அந்த சாமி.

எறும்புப்புற்று எழுதியது:

தாழைமடல் அக்கா பருவக் கணக்கை அழகா சொல்லிட்டாங்க, நான் கதைப் பக்கம் மட்டும் சேர்க்குறேன். மலைக்காட்டான், மனுஷனை மக்காச்சோள மாவுல பிசைஞ்ச கதை ஆஸ்டெக் கதையே இல்ல. அது கிச்சே மாயா மக்களோட போபோல் வூ, குவாதமாலா பக்கம். மண்ணுல செஞ்சு பார்த்து கரைஞ்சு போயி, மரத்துல செஞ்சு பார்த்து அதுங்களுக்கு மனசே இல்லாம போயி, கடைசியில மஞ்சள் வெள்ளை மக்காச்சோளத்துல செஞ்சாங்கங்கிறது அங்க. ஆஸ்டெக் கதையில மனுஷன் எலும்புல இருந்து வர்றான். கேட்சல்கோவாட்ல்ங்கிற இறகுப் பாம்பு தெய்வம் பாதாள லோகத்துக்குப் போயி பழைய யுகத்து எலும்பைக் கொண்டாந்து தமோவான்சான்ங்கிற தேவலோகத்துல வச்சு, ஒரு தேவி அதை அரைச்சு, அவர் தன் உடம்பைக் குத்தி ரத்தம் விட்டு, அப்படிப் பொறந்தவன் மனுஷன்.

ஆனா இதுக்கு அடுத்து வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். மனுஷன் பொறந்தாச்சு, இவன் என்னத்த சாப்பிடுவான்னு தேவர்களுக்கு கவலை. அப்ப ஒரு செவத்த எறும்பு மக்காச்சோள மணியை இழுத்துட்டுப் போகுது. எங்கிருந்து எடுத்தேன்னு கேட்சல்கோவாட்ல் கேக்குறாரு, அது லேசுல சொல்லல, திரும்பத் திரும்ப கேட்டதுக்கப்புறம்தான் தோனகாதேபெட்ல்னு ஒரு மலையைக் காட்டுது, உணவு மலை. உடனே அவரு கறுப்பு எறும்பா மாறி அதுகூட உள்ள போயி மணியைத் தூக்கிட்டு வந்துட்டாரு. தேவர்கள் அதை மென்னு நம்ம வாயில வச்சாங்களாம் நமக்கு பலம் வரணும்னு. குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுற மாதிரி மனுஷ குலத்துக்கே ஊட்டிருக்காங்க, இந்த ஒரு வரிக்காகவே அந்தக் கதையை நான் எத்தனை தடவை வேணாலும் படிப்பேன்.

அதோட முடியல. மலையை என்ன பண்றது? கேட்சல்கோவாட்ல் கயிறு கட்டி தூக்கிப் பார்த்தாரு, அசையல. அப்ப ஒஷோமோகோ, சிபாக்டோனால்னு ஒரு கிழவன் கிழவி ஜோடி மக்காச்சோள மணியை உருட்டிப் போட்டு குறி பார்த்தாங்க, நானாவாட்ல்தான் இதை உடைக்க முடியும்னு வந்துச்சு. நானாவாட்ல் யாரு? உடம்பெல்லாம் புண்ணு வந்த, யாரும் மதிக்காத அந்த தெய்வம், நெருப்புல குதிச்சு சூரியனானவன். அவன் மலையைப் பிளந்தான். பிளந்த உடனே நாலு நிறத்து மழைத் தேவர்கள், மழை சாமி ட்லாலோக்கோட ஆளுங்க, உள்ள இருந்த வெள்ளை, கறுப்பு, மஞ்சள், செகப்பு மக்காச்சோளம், அவரை, சியா, அமராந்த் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. சோத்தைத் தேடிக் கண்டுபிடிச்சவன் ஒருத்தன், உடைச்சுக் குடுத்தவன் ஒருத்தன், ஆனா சாவி மழைகிட்ட போயிருச்சு. வானம் பார்த்த பூமியில விவசாயம் பண்ற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்ல. இந்தக் கதை 1558ல நஹுவாட்ல் மொழியில எழுதின சூரியன்களின் கதைங்கிற கையெழுத்துப் பிரதியில இருக்கு.

அதே பிரதியில ஹுவேமாக் கதையும் இருக்கு. ஆஸ்டெக்குக்கு முந்தின டோல்டெக் மக்களோட அரசன் ஹுவேமாக் மழைத் தேவர்களோட பந்து விளையாடி ஜெயிச்சுட்டான். பந்தயப் பொருளா அவங்க பச்சைக் கதிரையும் தோகையையும் குடுக்குறாங்க. இவன் மூஞ்சியைச் சுளிச்சு, நான் கேட்டது ஜேடுங்கிற பச்சைக்கல்லும் கேட்சல் பறவை இறகும்னு தூக்கி எறிஞ்சுட்டான். சரின்னு அதையே குடுத்துட்டு மக்காச்சோளத்தை எடுத்து ஒளிச்சு வச்சுட்டாங்க. ஆலங்கட்டி மழை முழங்கால் அளவுக்கு விழுந்து பயிரெல்லாம் போச்சு, அப்புறம் வருஷக்கணக்குல பஞ்சம். தேவர்கள் குடுத்த தோகைதான் அவங்க கண்ணுக்கு கேட்சல் இறகு, கதிர்தான் அந்தப் பச்சைக்கல், அது அந்த அரசனுக்குத் தெரியல.

இன்னொரு கதையும் உண்டு, இது பிரெஞ்சு மொழியில மட்டும் தப்பிப் பிழைச்ச ஒரு 16ஆம் நூற்றாண்டுப் பிரதியில வருது. அதுல சென்தேயோட்ல் மண்ணுக்குள்ள போயிடுறான், அவன் முடியில இருந்து பருத்தி, மூக்குல இருந்து சியா, விரல்ல இருந்து சக்கரைவள்ளிக் கிழங்கு, நகத்துல இருந்து மக்காச்சோளம்னு ஒவ்வொண்ணா முளைக்குது.

மலைக்காட்டான் எழுதியது:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா வரும்னு நெனைக்கல. எறும்பு கதையை வீட்டுல பசங்களுக்கும் சொல்லிட்டேன். ஆனா பலி விஷயத்தை ரெண்டு பேருமே லேசா தாண்டிட்டீங்க. ஷிலோனென் விழாவுல என்ன நடந்துச்சு? அப்புறம் ஓச்பானிஸ்ட்லிக்கு தனி பதிவுன்னு சொன்னீங்களே அக்கா, அதையும் எழுதுங்க.

தாழைமடல் எழுதியது:

தாண்டணும்னு இல்ல, அதை மேலோட்டமா சொல்லக்கூடாதுன்னு நெனைச்சேன். நடந்தது நெஜம்தான். எண்ணிக்கை விஷயத்துல ஸ்பானியர்கள் எழுதினதை நம்பலாமாங்கிறது தனி விவாதம், ஆனா மக்காச்சோள விழாக்கள்ல ஆள் பலி இருந்ததை அந்த ஊர்ப் பெரியவங்களே தங்கள் மொழியில விவரமா சொல்லிருக்காங்க.

ஷிலோனென் விழாவுல ஒரு அடிமைப் பொண்ணைத் தேர்ந்தெடுத்து அவளுக்கு ஷிலோனென் வேஷம் கட்டுவாங்க. வாய்ப் பக்கம் மஞ்சள், நெத்தியில செகப்பு, தலையில காகிதக் கிரீடமும் கேட்சல் இறகும். அந்த நேரத்துக்கு அவ தெய்வமேதான், வேஷக்காரின்னு யாரும் பார்க்கல. ராத்திரி முழுக்க பொண்ணுங்க அவளைச் சுத்தி நின்னு பாடுவாங்க, விடிஞ்சதும் மக்காச்சோளத் தட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டு ஆம்பளைங்க ஆடுவாங்க, அப்புறம் சென்தேயோட்ல் கோயில்ல ஒரு பூசாரியோட முதுகுல வச்சு அவ உயிரை எடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் ஊர் முழுக்க புதுக் கதிரும் பிஞ்சுச் சோள ரொட்டியும் சாப்பிட்டது. பிஞ்சுக் கதிரை ஒடிக்கிறதும் அந்தப் பொண்ணைக் கொல்றதும் அவங்களுக்கு ஒரே செயல். இதை நான் நியாயப்படுத்தல, அந்தப் பொண்ணு யாரு, எந்த ஊரு, பேரென்னன்னு ஒரு வரி கூட எழுதி வைக்கலையேன்னு எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு அடிச்சுக்கும்.

ஓச்பானிஸ்ட்லி இன்னும் கனமானது. அதுல முக்கியமான சாமி தோசி, தேவர்களோட பாட்டி, மருத்துவச்சிங்களோட தெய்வம். அவ வேஷம் கட்டின பொம்பளை அழுதுறக்கூடாது, அழுதா நாட்டுக்கு கெட்டதுன்னு மருத்துவச்சிங்களும் வைத்தியம் பார்க்குற பொம்பளைங்களும் பூவை எறிஞ்சு பொய்ச் சண்டை போட்டு அவளைச் சிரிக்க வைப்பாங்க, இன்னைக்கு அரசன் உன்கூட இருக்கப் போறாரும்மான்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவாங்க. ராத்திரியில பலி. அப்புறம் அவ தோலை உரிச்சு ஒரு பூசாரி போட்டுக்குவான், தொடைத் தோல்ல செஞ்ச முகமூடி ஒண்ணை சென்தேயோட்ல் வேஷக்காரன் போட்டுக்குவான். தோசிக்கு மகனா சென்தேயோட்ல் வர்றது இங்கதான், நீங்க சொன்ன உறவுமுறைக் குழப்பத்துல பாதி இந்த விழாவுல இருந்து வந்தது. அதே விழாவுல சிக்கோமெகோவாட்ல் பூசாரிங்க மேடையில ஏறி நின்னு வெள்ளை, மஞ்சள், செகப்பு, கறுப்பு மக்காச்சோள விதையையும் பூசணி விதையையும் கூட்டத்துமேல வீசுவாங்க, ஜனங்க முண்டியடிச்சுப் பொறுக்குவாங்க.

செங்காட்டுக்காரன் எழுதியது:

நான் புராணம் படிச்சவன் இல்ல, மக்காச்சோளம் போடுறவன், இந்த திரி கண்ணுல பட்டதால உள்ள வந்தேன். அக்கா ஒரு விஷயத்தைக் கேக்கணும். விதையை எடுத்து வைக்கிறது, பிஞ்சு வர்றது, அறுவடை, இதெல்லாம் புரியுது. ஆனா அந்த ஊர்ல பயிருக்கு பெரிய எமன் எது? வறட்சியா, பூச்சியா? சாமி கும்புடுறவன் எதுக்கு பயப்படுறானோ அதுவும் அந்த சாமிக்குள்ளயே இருக்கணுமே.

தாழைமடல் எழுதியது:

அண்ணே, ரொம்ப சரியான இடத்தைத் தொட்டுட்டீங்க. பனி. மெக்சிகோ நகரம் இருக்குற பள்ளத்தாக்கு கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். மழை தாமதமா வந்து விதைப்பு தள்ளிப் போச்சுன்னா கதிர் முத்துறதுக்கு முன்னாடியே உறைபனி இறங்கிரும், ஒரே ராத்திரியில பயிர் கருகிப் போகும். நீங்க சொன்ன மாதிரியே அந்த பயம் சென்தேயோட்ல் தலையிலயே இருக்கு. ஓச்பானிஸ்ட்லியில அந்தத் தோல் முகமூடியோட அவன் போடுற வளைஞ்ச கூர்க்குல்லாவுக்கு இட்ஸ்ட்லாகோலியுஹ்கின்னு பேரு, அது பனியோட தெய்வம். விழா முடிஞ்சதும் அந்த முகமூடியைத் தங்களோட ஊருக்குள்ள வச்சுக்க மாட்டாங்க, வீரர்கள் ஓட்டமா கொண்டுபோய் எதிரி நாட்டு எல்லையில விட்டுட்டு வருவாங்க. பனியைத் தூக்கி எதிரி காட்டுல போடுறாங்கன்னு நான் அதைப் படிக்கிறேன்.

பனியும் வறட்சியும் சேர்ந்து வந்தா என்ன ஆகும்னு அவங்க கண்ணால பார்த்தவங்க. முதலாம் மோக்டெசுமா காலத்துல 1450 தொடங்கி பயிர் வரிசையா போச்சு, 1454ல, அவங்க கணக்குல ஒரு முயல் ஆண்டு, பஞ்சம் உச்சத்துக்குப் போச்சு. ஜனங்க கடற்கரைப் பக்கம் மக்காச்சோளம் வெளைஞ்ச தோதோனாக் மக்கள்கிட்ட தங்களையும் புள்ளைங்களையும் வித்தாங்க. பொண்ணுக்கு 400 கதிருக்கும், பையனுக்கு 500 கதிருக்கும் குறைஞ்சு விக்கக்கூடாதுன்னு அரசனே விலை வச்சதா எழுதி வச்சிருக்காங்க. அந்த வருஷத்தோட பேரைச் சொன்னாலே அதுக்கப்புறம் பல தலைமுறை நடுங்கிருக்கு. மலைக்காட்டான் கேட்ட பலிக் கேள்வியையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கணும்னு எனக்குத் தோணுது, ஒண்ணு இன்னொண்ணை மன்னிக்குறதுக்காக இல்ல, எந்த பயத்துல இருந்து அந்தச் சடங்கு வந்துச்சுன்னு தெரியுறதுக்காக.

அடுப்பங்கரை எழுதியது:

எல்லாரும் கோயில், அரசன், பூசாரின்னே பேசுறீங்க, வீட்டுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன், ஏன்னா எனக்கு அதுதான் இந்த சாமிகளோட நெஜமான இடம்னு படுது. சஹாகுனோட அஞ்சாவது பாகத்துல சகுனம், நம்பிக்கை பத்தி வருது. மக்காச்சோளத்தைப் பானையில போடுறதுக்கு முன்னாடி பொம்பளைங்க அது மேல வாயால ஊதுவாங்களாம், சூட்டைப் பார்த்து அது பயந்துறக்கூடாதுன்னு. தரையில மணி சிந்திக் கிடந்தா தாண்டிப் போகக்கூடாது, குனிஞ்சு பொறுக்கணும், இல்லைன்னா அது அழும், கடவுள்கிட்ட போய் நான் கிடந்தேன் இவ என்னை எடுக்கலைன்னு புகார் சொல்லும், அப்புறம் நமக்குப் பட்டினிதான். கோயில்ல ஏழு கதிரைக் குழந்தை மாதிரி முதுகுல கட்டிக்கிட்டுப் போறதும், வீட்டுல அதுக்கு பயம் போக ஊதுறதும் ஒரே மனசுதான்.

சமைக்கிற முறையும் முக்கியம். மணியை சுண்ணாம்புத் தண்ணியில வேக வச்சு, ஊற வச்சு, தோலைக் கழுவி எடுத்து, அதுக்கப்புறம் மெதாதேன்னு சொல்ற கால் வச்ச அம்மியில அரைப்பாங்க. அந்த மாவுலதான் தோர்த்தியா, தமாலே, அதோலேங்கிற கஞ்சி எல்லாம். சுண்ணாம்பு சேர்த்தாத்தான் அதுல இருக்குற நியாசின்ங்கிற வைட்டமின் உடம்புல ஒட்டும், மாவும் உருட்டுற பதத்துக்கு வரும். ஐரோப்பாக்காரன் மக்காச்சோளத்தை மட்டும் கப்பல்ல ஏத்திட்டுப் போனான், சுண்ணாம்புக் கைப்பக்குவத்தை விட்டுட்டான். அதையே மூணு வேளையும் தின்ன ஏழைங்களுக்கு பெலாக்ரா வந்துச்சு, தோல் வெடிச்சு, வயித்தால போயி, புத்தி பேதலிச்சு செத்தாங்க. ஸ்பெயின்ல அஸ்துரியாஸ் பக்கம் 1735லயே கஸ்பார் கசால்னு ஒரு டாக்டர் அந்த நோயைக் குறிச்சு வச்சாரு, காரணம் தெரிய இன்னும் ரொம்ப காலம் ஆச்சு. சாமியோட சேர்த்து சமையலையும் கேட்டுக்கிட்டுப் போயிருந்தா அத்தனை உயிர் போயிருக்காது.

மலைக்காட்டான் எழுதியது:

அடுப்பங்கரை அக்கா, ஊதுறது விஷயம் நான் எங்கயுமே படிக்கல, ரொம்ப நன்றி. செங்காட்டுக்காரன் அண்ணன் கேள்வியும் பிரமாதம். கடைசியா ரெண்டு கேக்குறேன். 1521ல டெனோச்டிட்லான் விழுந்ததோட இந்த சாமிகளும் போயிருச்சா? இவங்களை பழைய ஓவியத்துல பாக்கணும்னா எதைத் தேடணும்?

எறும்புப்புற்று எழுதியது:

கோயில் போச்சு, பலி போச்சு, ஆனா சாமி போகல நண்பா. வெராக்ருஸ், இடால்கோ மாநிலங்கள்ல ஹுவாஸ்தேகான்னு ஒரு பகுதி, அங்க இன்னைக்கும் நஹுவாட்ல் பேசுற விவசாயிங்க நிறைய. அவங்களுக்கு மக்காச்சோளம் ஒரு சின்னப் பையன், பேரு சிக்கோமெஷோச்சிட்ல், ஏழு பூ. பேர்ல அந்த ஏழு இன்னும் நிக்குது பாருங்க. கூட ஒரு பொண்ணும் உண்டு, மக்குயில்ஷோச்சிட்ல், அஞ்சு பூ. சடங்கு நடத்துறவர் கத்தரியை எடுத்து காகிதத்தை மடிச்சு வெட்டி விதைகளோட உருவத்தை செய்வாரு, அந்தக் காகிதப் பிள்ளைங்களுக்கு துணியில சட்டை பாவாடை தச்சுப் போட்டு, குட்டி சீப்பு, தோடெல்லாம் வச்சு, பெட்டியில போட்டு பூசை மேடையிலயே வச்சிருப்பாங்க. மழை வேணும்னா போஸ்டெக்ட்லிங்கிற மலைக்கு காணிக்கையைத் தூக்கிக்கிட்டு ஏறுவாங்க. ஆலன் சாண்ட்ஸ்ட்ரம், பமேலா சாண்ட்ஸ்ட்ரம்னு ஒரு ஆய்வாளர் தம்பதி அந்த ஊர் மக்களோட பல வருஷம் பழகி இதையெல்லாம் பதிவு பண்ணிருக்காங்க. மக்காச்சோளத்தைக் கவனிக்காம விட்டா அந்தப் பையன் கோவிச்சுக்கிட்டு மலைக்குள்ள போயிருவான்ங்கிற நம்பிக்கை அங்க இருக்கு, ஹுவேமாக் கதை படிச்சதும் எனக்கு உடனே அதுதான் ஞாபகம் வந்துச்சு.

தாழைமடல் எழுதியது:

ஓவியத்துக்கு நான் சொல்றேன். முதல்ல போர்போனிகஸ் சுவடி, பாரிஸ்ல பிரெஞ்சு நாடாளுமன்ற நூலகத்துல இருக்கு. அதுல 29ல இருந்து 31ஆம் பக்கம் வரைக்கும் ஓச்பானிஸ்ட்லி, நடுவுல பெரிய காகிதக் கிரீடத்தோட நிக்கிற மக்காச்சோள தேவியைத் தவற விடவே முடியாது. 21ஆம் பக்கத்துல எறும்புப்புற்று சொன்ன அந்தக் கிழவன் கிழவி குறி பார்க்குறதும் இருக்கு. அடுத்து வாட்டிகன்ல இருக்குற போர்ஜியா சுவடி, 27, 28ஆம் பக்கம், இது மத்திய மெக்சிகோ வகைதான் ஆனா டெனோச்டிட்லான்ல வரைஞ்சது இல்ல. அதுல அஞ்சு ட்லாலோக், நாலு திசைக்கு நாலு, நடுவுல ஒண்ணு, ஒவ்வொருத்தர் காலடியிலயும் மக்காச்சோளம் ஒவ்வொரு கதியில நிக்கும், நல்லா வெளைஞ்ச வருஷம், காய்ஞ்ச வருஷம், ஜீவராசிங்க தின்னு தீர்த்த வருஷம்னு. செங்காட்டுக்காரன் அண்ணன் அந்தப் பக்கத்தைக் கட்டாயம் பாக்கணும், யாரும் விளக்காமலே அவருக்குப் புரியும். சஹாகுனோட 12 பாகமும் படத்தோட 2023ல இருந்து கெட்டி நிறுவனத்து இணையதளத்துல இலவசமா கிடைக்குது, நஹுவாட்ல் பக்கத்தையும் ஸ்பானியப் பக்கத்தையும் சேர்த்தே பாக்கலாம். ரெண்டாவது பாகத்துல நாலாவது, எட்டாவது, பதினோராவது மாசத்தை மட்டும் முதல்ல எடுத்துக்கோங்க. சாமிகளோட பட்டியல் இருக்குற முதல் பாகத்தை அதுக்கப்புறம் படிங்க.